சரசு காவல் நின்ற கேட்டு

அடுத்த வீட்டில் துணி வேகிறது. புதிதாகப் பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி போன மாதம்தான் குடிவந்தாள். குழந்தையின் துணிகளைப் பெரிய அலுமினியச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைக்கிறாள். இந்தப் புக்கிட் காத்தில் தாமான் குடியிருப்பில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர், யார் அடுப்பில் என்ன வேகிறது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காலையில் காப்பி கலக்கப் போனேன், ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்தது. வெந்த பருத்தித் துணியின் வாசனை. காப்பியை மறந்துவிட்டேன். நீ என் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றது போலிருந்தது, வழக்கம் போல உள்ளே வராமல், நிலையில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு.

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. உனக்கு நான் கடிதம் எழுதியதே கிடையாது. எழுத என்ன இருந்தது? தோட்டத்து லயத்தில் வரிசை வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். உன் வீட்டில் இருமினால் என் வீட்டில் தண்ணீர் எடுத்து வைப்பேன். இப்போது எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் கேள். உன்னால் அது முடியாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

லூபோக் சீனா ரோட்டிலிருந்து உள்ளே போகும் நம் ரப்பர்த் தோட்டத்தில், சிதறிக் கிடந்த லயங்களை எல்லாம் ஓரிடத்தில் நெருக்கி வைத்துச் சுற்றிலும் கம்பி வேலி போட்ட காலம் அது. அவசரகாலம் என்று பெயர், ஆனால் எதுவும் அவசரமாக நடக்கவில்லை. விடிந்த பிறகுதான் கேட்டைத் திறப்பார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ மருந்தோ போய்விடக் கூடாது என்று, பால் வெட்டப் போகிற ஒவ்வொருவரையும் கையைத் தூக்கச் சொல்லித் தடவிப் பார்த்து வெளியே விடுவார்கள். சாயங்காலம் ஊரடங்கு. பெண்களைச் சோதிக்க ஒரு பெண் தேவைப்பட்டாள். ஒருத்தியும் முன்வரவில்லை. உனக்குத் தோள் பிடித்துக்கொண்டு வெட்டுக்கத்தி தூக்க முடியாமல் இருந்தது, புருஷனும் இல்லை. நீ போய் நின்றாய். புஜத்தில் ஒரு துணிப்பட்டை கட்டிவிட்டார்கள். அன்றோடு உன் பெயரே போய்விட்டது. குழாயடியில் உன்னைக் கண்டால் பேச்சு நிற்கும். கேட்டுக்காரி வருகிறாள் என்பார்கள்.

நான் மட்டும் உன்னோடு பேசிக்கொண்டிருந்தேன். நல்ல மனசு என்று நினைத்துக்கொள்ளாதே. உன் வாய் எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். நம்மை வேலை வாங்கும் தண்டலின் நடையை நீ நடந்து காட்டினால் நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். அந்தப் பிழைப்பில் சிரிக்க வேறு என்ன இருந்தது?

என் மகள் சரசுவுக்கு அப்போது நாலு வயசு. ஒருநாள் காலையில், பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில், காப்பிக்கு வைத்த கொதிதண்ணீர்ச் சட்டி சாய்ந்து அவள் வலது காலில் கொட்டிவிட்டது. முட்டிக்குப் பின்புறம் முழுக்க வெந்துபோனது. யார் தட்டியது, யார் வைத்தது என்று நானும் என் வீட்டுக்காரரும் அந்த வாரமே சண்டை போட்டு முடித்துவிட்டோம், அதை இங்கே கிளற மாட்டேன். தோட்டத்துக்கு மருந்து பார்க்கும் டிரசர் ஐயா வந்து கட்டுப் போட்டார். அவருக்கு நாலைந்து தோட்டங்கள். ரோட்டில் சுடுவார்கள் என்று போலீஸ் லாரியின் பின்னால்தான் வருவார், வாரத்தில் ஒருநாள். மற்ற நாளெல்லாம் நானே கட்டு மாற்ற வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கொதிக்க வை. உப்பு போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றி ஊறவிட்டுக் கட்டை எடு, பிய்க்காதே. மஞ்சள் மருந்து தடவு. கடைசியில் காலைக் கொஞ்சம் நீட்டிவிடு.

அந்தக் கடைசிதான் விஷயம். வலிக்கிற பிள்ளை முட்டியை மடக்கியே வைத்துக்கொள்ளும். மடக்கிய இடத்தில் புதுத்தோல் வளர்ந்தால் அப்படியே சுருங்கி இழுத்துப் பிடித்துவிடும், பிறகு காலம் முழுக்க நொண்டல்தான். இதை டிரசர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். வீட்டில் முடியாவிட்டால் மலாக்கா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவேன், அங்கே மயக்கம் கொடுத்து நீட்டுவார்கள் என்றார். கூட நான் இருக்கலாமா என்று கேட்டேன். அவர் மருந்துப் பெட்டியை மூடினார். வேலிக்குள் இருக்கிறவளுக்கு யார் பாஸ் கொடுத்து ஆஸ்பத்திரியில் தங்க விடுவார்கள்? நாலு வயசுப் பிள்ளை, தமிழ் தவிர ஒன்றும் தெரியாது, தெரியாத கட்டிலில் தனியாக. அந்த லாரிக்கு என் பிள்ளையைக் கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபம். மறுநாள் கட்டை அவிழ்க்க உட்கார்ந்தேன். அவள் போட்ட கூச்சலில் லயமே கூடிவிட்டது. ஒருத்தி தோளைப் பிடித்தாள், ஒருத்தி இன்னொரு காலின் மேல் உட்கார்ந்தாள், ஒருத்தி கண்ணைப் பொத்தினாள். நல்ல எண்ணம்தான் எல்லோருக்கும். வலிக்காது வலிக்காது என்று எல்லோரும் ஒரே குரலில் பொய் சொன்னோம். அவள் என் கையைக் கடித்தாள். அடுத்த நாள் சட்டியை நான் எடுக்கும்போதே நடுங்கத் தொடங்கினாள். அதற்கடுத்த நாள் துணி வேகிற வாசனைக்கே மூலையில் போய் ஒட்டிக்கொண்டாள். மடக்கிய முட்டியை நீட்டுவதாவது! தொடவே விடவில்லை.

அப்போதுதான் யாரோ அந்த வார்த்தையைச் சொன்னார்கள். வாயை மூடு, அழுதால் கேட்டுக்காரி வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவாள். சொன்னதும் சரசு கப்பென்று அடங்கினாள். அது வேலை செய்கிறதே என்று லயம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. நானும் சொன்னேன். நம் தோட்டத்துப் பெண்கள் தவிர வேறு யாருக்கும் இப்படியொரு புத்தி வராது. பூச்சாண்டி கிடைக்கவில்லை என்று, பக்கத்து வீட்டுக்காரியைப் பூச்சாண்டி ஆக்கினோம்.

இது அப்போது உனக்குத் தெரியாது. பிள்ளைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க, ஒரு மத்தியானம் கேட்டிலிருந்து நேரே வந்தாய். பட்டையைக்கூடக் கழற்றவில்லை. உன்னை வாசலில் பார்த்ததும் சரசு சத்தமே இல்லாமல் பாயிலேயே மூத்திரம் போய்விட்டாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்துக்கொண்டே காரணத்தைச் சொல்லிவிட்டாள். உன் முகத்தைப் பார்த்தேன். நீ அப்படியே திரும்பிப் போனாய். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அதற்குப் பதில் மறுநாள் காலை கேட்டில் என் வாளியை இரண்டு தடவை கவிழ்த்துப் பார்த்தாய், தலைத்துணியை அவிழ்த்து உதறினாய், பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கிற வரை என்னை விடவில்லை. கோபத்தைக்கூட உத்தியோகத்தில் சேர்த்துச் செய்கிறவள் நீ ஒருத்திதான்.

அன்று மத்தியானம் நீ மறுபடி வந்தாய். இந்த முறை பட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாய். அதைக் கழற்றக் கூடாது என்று உத்தரவு, தொலைந்தால் வேலை போய்விடும். நீ படியைத் தாண்டவில்லை. வெளியே மண்ணில் குந்தி உட்கார்ந்து, உள்ளே மூலையில் இருந்தவளைப் பார்க்காமல், என்னிடம் பேசுகிற மாதிரிப் பேசினாய்.

"கேட்டுல பொம்பளைங்க என்னை ஏன் திட்டுறாங்க, தெரியுமா புள்ள? நான் தொடுறதுக்கு இல்ல. சொல்லாம தொட்டா ஒடம்பு கல்லாப் போயிடுது. இப்ப இடுப்பு, இப்ப முதுகு, முடிஞ்சிருச்சுன்னு சொல்லிச் சொல்லித் தொட்டா நிக்கிறாங்க. நீ இவகிட்ட என்னாத்த சொன்ன?"

நாங்கள் சொன்னதெல்லாம் வலிக்காது என்ற பொய்யும் உன் பெயரும்தான்.

பிறகு நீ பட்டையைத் தரையில் வைத்து உள்ளே தள்ளினாய். இன்றைக்கு இந்த வீட்டுக்குக் கேட்டுக்காரி இல்லை, யாராவது வேலைக்கு வருகிறீர்களா என்று கேட்டாய். என் அடுப்பில் துணிச் சட்டி தளதளவென்று கொதித்தது. அப்புறம் மெல்ல நகர்ந்து வந்து அவள் அந்தப் பட்டையை எடுத்தாள். அவள் புஜத்துக்கு அது மூன்று சுற்று வந்தது. நீ எழுந்து வாசலுக்கு வெளியே நின்று இரண்டு கையையும் தூக்கினாய். தோள் பிடித்த கை பாதிக்கு மேல் எழும்பவில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கேட்டைச் சொல்லித்தரவா வேண்டும்? வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் பார்க்கிறவர்கள்தானே. அவள் சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்று உன்னைத் தடவிச் சோதித்தாள். உன் மடியில் வெற்றிலையும் ஒரு துண்டு வெல்லமும் இருந்தன. வெல்லத்தைப் பறிமுதல் செய்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு பெரிய போலீஸ்காரர் மாதிரி தாடையை ஆட்டி, "ஜாலான்" என்றாள். மலாயில் போ என்று அர்த்தம், நீ உள்ளே வரலாம். பத்து நாளாக நான் கேட்காத குரல் அது, என் பிள்ளையின் சொந்தக் குரல். நான் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அதற்குப் பிறகு என் முறை. கையைத் தூக்கி நின்றேன். என் கையில் என்ன, சட்டியில் என்ன, துணியில் என்ன என்று எல்லாவற்றையும் காட்டினேன். நீ சட்டத்தைச் சொன்னாய். கேட்டுக்காரி ஜாலான் சொன்னால்தான் அம்மா கட்டைத் தொடலாம். அவள் நில் என்றால் அம்மா அந்த இடத்திலேயே கையைத் தூக்க வேண்டும், ஒரு நூல் மிச்சம் இருந்தாலும். ஆனால் கேட்டை நாளெல்லாம் பூட்டி வைக்க எந்தக் கேட்டுக்காரிக்கும் அதிகாரம் இல்லை, ஜனங்கள் வேலைக்குப் போக வேண்டும். அழலாம், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் அழலாம். அழுதுகொண்டே ஜாலான் சொல்லலாம். அதில் தப்பே இல்லை.

அன்று கட்டு அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதே, உலையில் இருந்த சோறு அடிப்பிடித்துவிட்டது. ஆனால் யாரும் அவளைப் பிடிக்கவில்லை. இப்போது தண்ணீர் ஊற்றப்போகிறேன், இப்போது ஓரத்தை எடுக்கப்போகிறேன், இது வலிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தொட்டேன். மொதல்ல சொல்லு, பொறவு தொடு என்று நீ வாசலில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தாய். வலித்தது. அழுதாள். நில் என்றாள், நின்றேன். நான் நின்றதும் அவளுக்கே ஆச்சரியம். என்னை நிறுத்திப் பார்க்கத்தான் அடுத்த இரண்டு தடவை நில் என்றாள் என்று நினைக்கிறேன்.

பிறகு அவள் அடித்த கூத்து உனக்குத் தெரியும். ரப்பர் காய வைக்கும் புகைக்கூடத்து வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரரை வாசலிலேயே நிறுத்திச் சட்டைப்பையில் இருந்த சுருட்டைப் பிடித்தாள். எனக்குத் தெரியாமல் அவர் வைத்திருந்த சுருட்டு. உனக்கு ஒரே கொண்டாட்டம். பாதி நாள் கேட்டுக்காரியின் மனசு சரியில்லை என்று என்னைக் காக்க வைப்பாள். இப்படி ஒரு அதிகாரியை உண்டாக்கிவிட்டாயே என்று உன்னைத் திட்டுவேன். மத்தியானம் மத்தியானம் நீ வந்தாய். கேட்டில் காலையெல்லாம் வசவு வாங்கிவிட்டு, பசியோடு வந்து, ஒரு நாலு வயசுக்காரி முன்னால் கையைத் தூக்கி நின்றாய். புண் காய ஆரம்பித்தது. முட்டியும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

ஆனால் முழுதாக இறங்கவில்லை. காலை நீட்டிப் படுத்தால் முட்டிக்கும் பாய்க்கும் நடுவே வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளி எனக்கு எமனாகத் தெரிந்தது. டிரசர் வந்து பார்த்துவிட்டு, புண் அருமையாக ஆறுகிறது, ஆனால் அடுத்த தடவையும் வெளிச்சம் தெரிந்தால் என்னோடு கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்றார். அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தக் கடைசி இடத்தில் அவள் நில் என்பாள். நான் நிற்பேன். நீயும் நான் நிற்கிறேனா என்று பார்த்துக்கொண்டே இருப்பாய். ஒரு அழுத்து அழுத்தினால் போதுமே என்று என் கை துடிக்கும்.

அவர் வரும் நாளும் வந்தது. லாரி தாமதமாகத்தான் வந்தது, ஊரடங்குக்கு முன்னால் அடுத்த தோட்டத்துக்குப் போக வேண்டுமாம், வெளியே டிரைவர் இன்ஜினை நிறுத்தவே இல்லை. நீ சுவரோரம் நின்றிருந்தாய், டிரசர் பாயருகே மண்டியிட்டார். கட்டைப் பிரித்துப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். முட்டியில் கையை வைத்தார். சரசு நில் என்றாள். அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். வெளியே ஹாரன் அடித்தது.

என் பிள்ளை இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த லாரியில் ஏறப்போகிறாள். எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அவள் தொடையில் என் கையை வைத்தேன். அமுக்கத்தான் வைத்தேன்.

"கையைத் தூக்கு," என்றாய் நீ.

கேட்டில் பேசுகிற அதே குரல். என் பிள்ளை விஷயத்தில் நீ யார் என்று உன் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. ஆனால் தூக்கினேன். நீ ஏற்கெனவே தூக்கியிருந்தாய். டிரசர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். ஒவ்வொரு தோட்டத்துக் கேட்டிலும் கையைத் தூக்கித் தூக்கிப் பழகிய மனுஷன், அவரும் தூக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த என் வீட்டுக்காரர், எதற்கு என்றே தெரியாமல், அவரும் வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அந்தச் சின்ன அறையில் நாலு பெரியவர்கள், நடுவில் பாயில் அவள்.

சரசு எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியில் உன்னைத்தான் கேட்டாள்.

"வலிக்குமா அத்தை?"

"வலிக்கும். ரொம்ப நேரம் வலிக்காது."

ஹாரன் மறுபடி அடித்தது. யாரும் அசையவில்லை. அவள் தன் இரண்டு கையையும் எடுத்துத் தன் முட்டிமேல் வைத்தாள். கண்ணை இறுக்க மூடினாள். யாருக்கும் கேட்காத மாதிரி ஜாலான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு அழுத்தினாள். வீல் என்று கத்தினாள், ஆனால் கையை எடுக்கவில்லை. டிரசர் கையை இறக்காமலே குனிந்து, தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை.

"நான் இப்ப கையை எறக்கலாமா பாப்பா?" என்று அவளிடம் கேட்டார். அவள் விக்கிக்கொண்டே தலையை ஆட்டினாள். இனி லாரி வேண்டாம், தினமும் இப்படியே செய்யட்டும், ராத்திரியில் பலகைச் சட்டம் வைத்துக் கட்டி விடுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடினார். நீ வெற்றிலை போட வேண்டும் என்று போய்விட்டாய்.

அவள் நடந்து கேட்டுக்கு வந்த முதல் நாள் காலையில் எல்லாப் பெண்களும் வரிசையில் நின்றார்கள். சரசு நேராகக் காலை வீசி உன்னிடம் வந்து, உன் பட்டையைப் பிடித்து இழுத்து, எனக்கு எப்போது திருப்பித் தருவாய் என்று கேட்டாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு நம் லயத்தில் எந்தப் பிள்ளையையும் யாரும் கேட்டுக்காரி என்று சொல்லிப் பயமுறுத்தவில்லை. உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவர்களுக்கு இன்னும் வெகுகாலம் ஆனது, அது வேறு கதை.

வேலியைப் பிரித்தார்கள், தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள், நாம் டவுனுக்கு வந்தோம். சரசு இப்போது மெர்லிமாவில் இருக்கிறாள். அறுபதை எட்டப்போகிறாள். நாலுபேர் சொல்லியும் கேட்காமல் இன்னும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறாள், அந்த வலது காலால் ஓங்கி உதைத்துத்தான் அதைக் கிளப்புகிறாள். போன மாதம் வந்திருந்தாள். கூடத்தில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தவளின் முட்டிக்குப் பின்னால் அந்தத் தழும்பு தெரிந்தது. உன் பேச்சு வந்தது. ரொம்ப வலித்ததா என்று இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளிடம் கேட்டேன். கேட்க எனக்குப் பயமாக இருந்தது, அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

அவள் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"வலிச்சதெல்லாம் ஞாபகம் இல்லம்மா. நீங்க எல்லாரும் கையைத் தூக்கிட்டு நின்னீங்களே, அதுதான் ஞாபகம் இருக்கு."

நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. முதல் நாள் கூச்சல், கடித்த கடி, மூலையில் ஒடுங்கி அவள் நடுங்கியது, தன் முட்டியைத் தானே அழுத்திக் கத்திய அந்தக் கத்தல், ஒன்றும் குறையவில்லை. அவளிடம் அதில் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் என்னிடம்தான் இருக்கிறது, நானே வைத்துக்கொள்கிறேன். அவளிடம் தங்காமல் பார்த்துக்கொண்டவள் நீ.